கறி வரும் வரை காத்திருக்கும் ஒயின்

பாகாவை வெறும் வாயில் குடித்துப் பார்க்கச் சொல்லி யாருக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன். போர்ச்சுகலின் பைராடா வட்டாரத்தில் விளையும் கறுப்புத் திராட்சை அது. அதில் செய்யும் சிவப்பு ஒயினையும் பாகா என்றே சொல்கிறார்கள். இளம் ஒயினாக இருந்தால் முதல் வாயிலேயே புளிப்பும் துவர்ப்பும் சேர்ந்து தாக்கும். கனியாத நாவற்பழத்தைக் கடித்தது போல நாக்கு தடித்து, ஈறு இழுத்துக்கொள்ளும். ஆனால் அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிய, கொழுப்பு மினுங்கும் ஆட்டுக்கறியில் ஒரு துண்டைத் தின்றுவிட்டு அதே பாட்டிலிலிருந்து ஒரு வாய் குடித்தால், அந்தத் துவர்ப்பு எங்கே போனதென்று தேட வேண்டியிருக்கும். பழத்தின் ருசி அப்போதுதான் வெளியே வருகிறது: புளிப்புச் செர்ரி, கறுப்பு பிளம், காய்ந்த மூலிகை, கொஞ்சம் புகை.

ஒயினைத் தனியாக ருசி பார்த்து மதிப்பெண் போடும் பழக்கம் பாகாவுக்குப் பெரிய அநியாயம் செய்திருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். வரிசையாக வைத்த கோப்பைகளில் ஒவ்வொரு வாயாக உறிஞ்சித் துப்பும் இடத்தில், இனிப்பாகவும் வழவழப்பாகவும் இருக்கும் ஒயின்தான் ஜெயிக்கும். பாகா அங்கே முரட்டுத்தனமாகத் தெரியும். பைராடா மக்கள் அதை அப்படிக் குடிப்பதே கிடையாது. வேலை நிமித்தம் நான் கோயிம்ப்ரா நகரத்தில் குடியிருந்த காலத்தில், சாப்பாடு இல்லாமல் ஒரு கோப்பை பாகாவை யாரும் என் முன்னால் வைத்ததில்லை. குறைந்தபட்சம் ரொட்டியும் ஆலிவ் எண்ணெயும் பாலாடைக்கட்டியும் வந்த பிறகுதான் பாட்டில் திறப்பார்கள்.

வட்டாரத்தைச் சொல்லிவிடுகிறேன். தெற்கே கோயிம்ப்ரா, வடக்கே அவெய்ரோ. மேற்கே அட்லாண்டிக் கடல், கிழக்கே புசாக்கோ மலை. இந்த நான்குக்கும் நடுவில் கிடக்கும் தாழ்வான, மேடு பள்ளமான நிலம்தான் பைராடா. ஒரு பக்கம் சுண்ணாம்பு கலந்த களிமண், இன்னொரு பக்கம் மணல். கடல் பக்கத்திலேயே இருப்பதால் காற்றில் எப்போதும் ஈரம் இருக்கும். கோடை நீளும், ஆனால் செப்டம்பர் கடைசியில் மழை எப்போது இறங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

பாகாவின் சிக்கல் முழுவதும் இந்த மழையில்தான் இருக்கிறது. அது தாமதமாகப் பழுக்கும் திராட்சை. மற்ற வகைகளை எல்லாம் பறித்து முடித்த பிறகும் அது கொடியில் காயாகவே நின்றுகொண்டிருக்கும். மழை முந்திக்கொண்டால் குலை அழுகும். ஒரு வருட உழைப்பு கண்ணெதிரே அழுகுவதை எந்த விவசாயியால் பார்த்துக்கொண்டிருக்க முடியும்? பழுத்தும் பழுக்காததுமாகப் பறித்துவிடுவார்கள். பழமோ சிறியது, தோலோ தடிப்பு; சாற்றின் அளவோடு பார்த்தால் தோல் மிக அதிகம். துவர்ப்பைத் தரும் டானின் அந்தத் தோலிலும் விதையிலும் காம்பிலும்தான் இருக்கிறது. பழைய முறையில் காம்போடு சேர்த்துத்தான் மிதித்து நொதிக்க விடுவார்கள். அரைகுறையாகப் பழுத்த பழம், பச்சைக் காம்பு, தடித்த தோல் மூன்றும் சேர்ந்தால் வரும் ஒயினை வருடக்கணக்கில் பீப்பாயிலும் பாட்டிலிலும் கிடத்தினால்தான் வாயில் வைக்க முடியும். பொறுமை இருந்தவர்களுக்கு அது அருமையான ஒயின் ஆனது. பொறுமை இல்லாத சந்தையில் அதற்குக் கெட்ட பெயர்தான் மிஞ்சியது.

வரலாறும் இந்த வட்டாரத்துக்குத் துணையாக நிற்கவில்லை. 18ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகலின் ஆட்சியைக் கையில் வைத்திருந்த மார்க்கிஸ் பொம்பால், 1756இல் வடக்கே உள்ள டோரு பள்ளத்தாக்கை எல்லை வகுத்து, அங்கே செய்யும் இனிப்பான போர்ட் ஒயினைக் காப்பாற்றினார். அதே கையோடு பைராடாவின் கொடிகளைப் பிடுங்கிப் போடவும் உத்தரவிட்டார். இங்கே விளைந்த கருஞ்சிவப்பு ஒயினை வியாபாரிகள் போர்ட்டில் கலந்து விற்றார்கள் என்பதுதான் காரணம். அதிலிருந்து மீண்டு எழவே நெடுங்காலம் பிடித்தது. 1887இல் அனடியா ஊரில் திராட்சை வளர்ப்புக்கென்று ஒரு பள்ளி வந்தது. 1890இல் அங்கே நுரைக்கும் ஒயின் செய்யத் தொடங்கினார்கள். பைராடாவுக்கு இன்றுவரை பெரிய வருமானம் தருவது அந்த நுரை ஒயின்தான். 20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் பாகா திராட்சை கூட்டுறவு ஆலைகளுக்கும் பெரிய நிறுவனங்களுக்கும் எடைக்கு விற்கப்பட்டது. 1942இல் பிறந்து உலகமெல்லாம் பரவிய மாத்தியூஸ் ரோசே இருக்கிறதே, குப்பி வயிறு மாதிரிப் பாட்டிலில் வருமே, அந்த இளஞ்சிவப்பு ஒயினிலும் பாகா போனது. தோலோடு அதிக நேரம் ஊறாததால் துவர்ப்பு இறங்காது, புளிப்பு மட்டும் சுத்தமாகக் கிடைக்கும். வியாபாரத்துக்கு நல்லதுதான். எடைக்கு விற்கும் பழத்தை யார் காத்திருந்து பழுக்க வைப்பார்கள் என்பதுதான் என் வருத்தம்.

பைராடாவுக்கு அதிகாரபூர்வ எல்லை வகுக்கப்பட்டது 1979இல். அடுத்த வருடமே, 1980இல், லூயிஸ் பாத்தோ தன் முதல் ஒயினைச் செய்தார். படிப்பால் வேதிப் பொறியாளர். பாகா முரடு என்று எல்லோரும் கைவிட்டபோது, முரட்டுத்தனம் திராட்சையில் இல்லை, நாம் அதை நடத்தும் விதத்தில் இருக்கிறது என்று நம்பியவர். காம்பை நீக்கி நொதிக்க விட்டார். கோடையிலேயே குலைகளில் ஒரு பகுதியை வெட்டிக் குறைத்தார். மிச்சக் குலைகளுக்குச் சத்து கூடி, மழைக்கு முன்பே பழுத்தன. முன்கூட்டி வெட்டிய புளிப்புக் குலைகள் வீணாகவில்லை, நுரை ஒயினுக்குப் போயின. இந்த ஏற்பாட்டை நினைத்தால் எனக்கு இன்றும் மகிழ்ச்சியாக இருக்கிறது. ஒரே கொடியிலிருந்து இரண்டு அறுவடை. ஒவ்வொன்றும் தனக்குப் பொருத்தமான பாட்டிலுக்குப் போகிறது.

அவருடைய இன்னொரு காரியமும் சொல்ல வேண்டியது. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவிலிருந்து வந்த ஃபிலாக்ஸரா என்ற வேர்ப்பூச்சி ஐரோப்பியக் கொடிகளை அழித்தது. அன்றிலிருந்து அநேகமாக எல்லாத் தோட்டங்களிலும் அமெரிக்கக் கொடியின் வேர்மேல் ஐரோப்பியக் கொடியை ஒட்டுப்போட்டுத்தான் வளர்க்கிறார்கள். மணலில் அந்தப் பூச்சி பிழைக்காது. பாத்தோ 1988இல் ரிபெய்ரின்யோ தோட்டத்தின் மணல் பகுதியில் ஒட்டுப்போடாமல், பாகாவை அதன் சொந்த வேரிலேயே நட்டார். விளைச்சல் மிகச் சொற்பம். அந்த ஒயின் விலையிலும் உயரத்தில் இருக்கிறது. மகள் ஃபிலிப்பா பாத்தோவும் அவருடைய கணவர் வில்லியம் வௌட்டர்ஸும் தங்கள் ஒயின்களை ‘மேக்கப் இல்லாதவை’ என்று சொல்லிக்கொள்கிறார்கள். குடித்தால் அது வெறும் விளம்பரமாகத் தோன்றாது. இன்னொரு பக்கம், கிந்தா தாஸ் பாஷெய்ராஸ், சிடோனியோ த சோசா போன்ற குடும்பங்கள் பழைய வழியைப் பெரிதாக மாற்றாமல், ஒயினைப் பெரிய மரத்தொட்டிகளில் பொறுமையாகக் கிடத்துகின்றன. இரண்டில் எது சரி என்று கேட்டால் என் மனம் பழைய வழிப்பக்கம் சாய்கிறது. காரணம் சாப்பாடு.

துவர்ப்புக்கும் கொழுப்புக்கும் என்ன உறவு என்று கொஞ்சம் பார்த்துவிடலாம். நம் எச்சில் வழுவழுப்பாக இருப்பதற்குக் காரணம் அதில் உள்ள சில புரதங்கள். ஒயினின் டானின் அந்தப் புரதங்களைப் பிடித்துக்கொள்கிறது. வாயின் வழுவழுப்பு போய், நாக்கும் அண்ணமும் ஒன்றையொன்று உரசுகின்றன. துவர்ப்பு என்று நாம் உணர்வது அதைத்தான். வாயில் ஏற்கெனவே கறியின் புரதமும் கொழுப்பும் இருந்தால் டானினுக்குப் பிடித்துக்கொள்ள வேறு பிடி கிடைத்துவிடுகிறது. எச்சிலை அது அவ்வளவாகத் தொடுவதில்லை. கறியின் பக்கத்திலிருந்து பார்த்தால், நாக்கில் படிந்த கொழுப்பைத் துவர்ப்பு வழித்தெடுக்கிறது. புளிப்பு எச்சிலை ஊற வைக்கிறது. அடுத்த துண்டு முதல் துண்டைப் போலவே ருசிக்கிறது. உப்பும் உதவுகிறது: உப்புள்ள உணவுக்குப் பக்கத்தில் ஒயினின் கசப்பும் புளிப்பும் தணிந்து தெரியும். புளிப்பும் துவர்ப்பும் பாகா அளவுக்கு ஓங்கிய போர்ச்சுகீசியத் திராட்சை எனக்குத் தெரிந்து வேறில்லை. ஆகவே கொழுப்பும் உப்பும் ஓங்கிய உணவு அதற்கு வேண்டும். பைராடாவின் சமையல் அப்படித்தான் இருக்கிறது.

முதலில் லெய்த்தாவ். பால்குடி மறக்காத பன்றிக்குட்டி, ஒன்று அல்லது ஒன்றரை மாதம் ஆனது. பூண்டு, மிளகு, உப்பு, பன்றிக்கொழுப்பு, பிரிஞ்சி இலை ஆகியவற்றை அரைத்த விழுதை வயிற்றுக்குள் அடைத்துத் தைத்துவிடுவார்கள். நீண்ட கம்பியில் கோத்து, விறகு எரித்துச் சூடாக்கிய சூளைக்குள் திருப்பித் திருப்பிச் சுட வேண்டும். ஏறக்குறைய இரண்டு மணி நேரம். நடுவில் வெளியே எடுத்து வெள்ளை ஒயினைத் தெளித்து மறுபடி உள்ளே விடுவார்கள். தோல் மொறுமொறுப்பது அதனால்தான். வெந்து வரும்போது தோல் கண்ணாடி போல் உடைகிறது. அடியில் இருக்கும் கொழுப்பு பெரும்பாலும் உருகி ஓடியிருக்கும். அதற்கும் அடியில் இருக்கும் கறி ஈரமாக, விழுதின் மிளகும் பூண்டும் ஏறி இருக்கும். தட்டில் ஆரஞ்சு வில்லைகள், மெல்லியதாகப் பொரித்த உருளைக்கிழங்கு, கொஞ்சம் கீரை. மியல்யாடா என்ற ஊரின் பழைய நெடுஞ்சாலை ஓரத்தில் இதற்காகவே வரிசையாக உணவகங்கள் இருக்கின்றன. ஞாயிறு மதியம் குடும்பம் குடும்பமாக வந்து காத்திருப்பார்கள். தண்ணீர், ரொட்டி, ஒயின், லெய்த்தாவ் ஆகிய நான்கும் தங்கள் மேசையின் அதிசயங்கள் என்று அந்த ஊர் நகராட்சியே பறைசாற்றுகிறது. தண்ணீர் என்பது பக்கத்திலேயே இருக்கும் லூசு ஊற்றுநீர்.

லெய்த்தாவோடு எதைக் குடிப்பது என்பதில் உள்ளூரில் பெரிய விவாதம் இல்லை. நுரை ஒயின்தான். சுற்றி இருக்கும் மேசைகளில் பார்த்தால் பெரும்பாலும் குமிழியிடும் பாட்டில்களே நிற்கும். உப்பும் மொறுமொறுப்பும் கொழுப்பும் நிறைந்த தோலுக்குக் குமிழியும் புளிப்பும் பொருந்தும் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனாலும் என் கருத்து கொஞ்சம் வேறு. தோல் வரைக்கும் நுரை ஒயின். விலாப் பக்கத்துக் கறிக்கு, அதாவது விழுது நேரடியாகப் பட்ட, மிளகின் சூடு ஏறிய அந்தக் கறிக்கு, பத்துப் பதினைந்து வருடம் வயதான சிவப்புப் பாகா. நுரை ஒயின் அந்த இடத்தில் மெலிந்துபோகிறது. மிளகும் பூண்டும் அதை மூடிவிடுகின்றன. வயதான பாகாவிலோ மிளகைப் போன்ற ஒரு வாசனை தன்னிடமே இருக்கிறது, இரண்டும் கைகோத்துக்கொள்கின்றன. குட்டியின் உள்ளுறுப்புகளையும் இரத்தத்தையும் சேர்த்துச் செய்யும் கபிடேலா கிடைக்கும் உணவகமாக இருந்தால் பேச்சுக்கே இடமில்லை, அதற்குச் சிவப்புதான்.

நடுவழி ஒன்றும் இருக்கிறது, வெளியூர்க்காரர்களுக்கு அதிகம் தெரியாதது. பாகாவிலேயே சிவப்பு நுரை ஒயின் செய்கிறார்கள். கருஞ்சிவப்பு நிறம், மேலே ஊதா நுரை, நல்ல குளிர்ச்சி, ஓரளவு துவர்ப்பு. பார்க்க விசித்திரமாக இருக்கும். லெய்த்தாவோடு குடித்தால் தோலுக்கும் கறிக்கும் இரண்டு பாட்டில் வாங்க வேண்டிய அவசியம் தீர்ந்துவிடும். அந்த ஊரை விட்டு வெளியே இது ஏன் அதிகம் போவதில்லை என்பது எனக்கு ஆதங்கமாகவே இருக்கிறது.

இனி ஷன்ஃபானா. என்னைக் கேட்டால் பாகாவின் உண்மையான துணை லெய்த்தாவ் அல்ல, இதுதான். குட்டிகள் ஈன்று, பால் வற்றி, வேறெதற்கும் உதவாத கிழட்டு வெள்ளாட்டின் கறி. அதைப் பெரிய துண்டுகளாக வெட்டிக் கறுப்பு மண்சட்டியில் அடுக்கி, பூண்டு, பிரிஞ்சி இலை, காரமில்லாத சிவப்பு மிளகாய்த்தூள், மிளகு, உப்பு, பன்றிக்கொழுப்பு சேர்த்து, கறி மூழ்கும் வரை சிவப்பு ஒயின் ஊற்றுகிறார்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. ரொட்டி சுட்டு முடித்த சூளையில் வைத்து, சூடு மெல்ல மெல்ல இறங்க, பல மணி நேரம் வேக விடுவார்கள். கறி எலும்பை விட்டுக் கழன்று, குழம்பு கறுத்துப்போய் வரும்.

எங்கள் வீட்டு உரிமையாளரின் தாயார் லோசா மலைப்பக்கத்துக்காரர். சனிக்கிழமை சூளையில் வைத்து எடுத்த சட்டியின் மணம் மாடி வரை வந்தது. இன்றைக்கே சாப்பிடலாமா என்று கேட்டதற்கு, “பொறு மகளே, இன்றைக்கு இது வெறும் கறி, நாளைக்குத்தான் ஷன்ஃபானா” என்றார். மறுநாள் மதியம் மறுபடி சூடாக்கி, அவித்த உருளைக்கிழங்கும் கீரைத்தண்டும் வைத்துப் பரிமாறினார். அவர் ஊற்றிய ஒயினில் பெயர்ச்சீட்டு இல்லை, உறவினர் தோட்டத்துப் பாகா. முதல் நாள் அதை நான் தனியாக ருசி பார்த்தபோது முகம் சுளித்திருந்தேன். கறியோடு குடித்தபோது அதில் ஒரு குறையும் தெரியவில்லை. வெள்ளாட்டின் வாடை, குழம்பின் கனம், கொழுப்பு, எல்லாவற்றுக்கும் அந்த ஒயினிடம் பதில் இருந்தது. அதே திராட்சை சட்டிக்குள்ளும் வெந்திருக்கிறது, கோப்பையிலும் இருக்கிறது. தட்டுக்கும் கோப்பைக்கும் இடையில் இடைவெளியே இல்லாத அப்படி ஒரு சாப்பாட்டை நான் வேறெங்கும் சாப்பிட்டதில்லை.

கறியைத் தண்ணீருக்குப் பதில் ஒயினில் வேக வைக்கும் வழக்கம் எப்படி வந்தது என்பதற்கு அந்தப் பக்கத்தில் கதைகள் உண்டு. 1810இல் நெப்போலியனின் படை மஸேனா தலைமையில் வந்தது. செப்டம்பர் 27ஆம் தேதி புசாக்கோ மலையில் வெல்லிங்டனின் படையோடு மோதியது. படையெடுப்புக் காலத்தில் எதிரிக்கு உதவாமல் இருக்கக் கிணறுகளில் நஞ்சு கலந்துவிட்டார்கள், சமைக்க ஒயின்தான் மிஞ்சியது என்பது ஒரு கதை. இன்னொன்று, செமிடே என்ற இடத்தின் கன்னிமாடத்தைப் பற்றியது. குடியானவர்கள் குத்தகைக்கு ஆடுகளைக் கொண்டுவந்து கட்டினார்கள். அத்தனையையும் மேய்க்க முடியாத கன்னியர் அவற்றை ஒயினில் சமைத்து, கொழுப்பு உறைந்து மூட, மாதக்கணக்கில் வைத்துச் சாப்பிட்டார்களாம். இரண்டாவதில் சமையலறைத் தர்க்கம் இருப்பதால் எனக்கு அது பிடிக்கும். ஒயினின் புளிப்பும் மேலே உறைந்த கொழுப்பும் கறியைக் கெடாமல் காக்கும் என்பது உண்மைதான். மிஞ்சிய குழம்பில் ரொட்டியும் முட்டைக்கோஸும் போட்டுச் செய்வதற்கு ‘கல்யாண சூப்’ என்று பெயர். மிராந்தா தோ கோர்வோ பக்கம் போகிறவர்கள் அதைத் தவறவிடக் கூடாது. மோர்த்தாகுவா ஊரில் இதே முறையில் செம்மறியாட்டைச் சமைத்து லம்பந்தானா என்கிறார்கள்.

மீனோடு சிவப்பு ஒயினா என்று கேட்பவர்களுக்குப் போர்ச்சுகல் நல்ல பதில் வைத்திருக்கிறது. உப்பிட்டு உலர்த்திய காட் மீன், பக்கலாவ், அந்த நாட்டின் உயிர். அவெய்ரோவுக்குப் பக்கத்தில் உள்ள இல்யாவு ஊர்க்காரர்கள் அதைப் பிடிக்க நியூஃபவுண்ட்லாந்து வரை போனவர்கள். பூண்டும் தாராளமான ஆலிவ் எண்ணெயும் விட்டு அடுப்பில் சுட்ட தடித்த பக்கலாவ் துண்டுக்கு, துவர்ப்பு அடங்கிய பழைய பாகா அருமையாக ஒத்துப்போகும். காட் மீனின் சதையில் எண்ணெய்ச்சத்து குறைவு. சிவப்பு ஒயினில் உள்ள இரும்பு மீன் எண்ணெயோடு சேர்ந்துதான் அந்த உலோகக் கவிச்சியைக் கிளப்புகிறது. இங்கே அதற்கு வாய்ப்பு குறைவு. கரியில் சுட்ட மத்தி மீனுக்கு இந்த நியாயம் பொருந்தாது. அதற்குப் பாகாவில் செய்த ரோசேயோ நுரை ஒயினோ போதும். குளிர்காலக் கடைசியில் மொண்டேகு ஆற்றில் லாம்ப்ரே வரும். விலாங்கு போல நீண்ட, தாடையில்லாத மீன். அதை அதன் இரத்தத்திலும் சிவப்பு ஒயினிலும் ஊறவைத்துச் சோறோடு சமைப்பார்கள். பெனகோவாவில் அதைச் சாப்பிட்டபோது கனமான கறி சாப்பிட்ட உணர்வுதான் வந்தது. பாகா தயங்காமல் ஈடுகொடுத்தது.

செர்ரா ட எஸ்ட்ரெலா மலையின் செம்மறியாட்டுப் பாலாடைக்கட்டியோடு சிவப்பு ஒயின் குடிப்பது வழக்கம். முட்செடியின் பூவால் உறைய வைத்து, கரண்டியால் அள்ளும் பதத்தில் இருக்கும் கட்டி அது. இளம் பாகா அதன் மேல் கசந்துபோகிறது என்பது என் அனுபவம். வெள்ளை ஒயின் தேவலை.

நம் சாப்பாட்டோடு சேருமா என்று ஊரில் கேட்கிறார்கள். மிளகாய்க் காரத்தோடு சேராது. காரத்தை உணரும் நரம்புகளை ஒயினில் உள்ள சாராயமும் தூண்டுவதால் எரிச்சல் ஏறும். துவர்ப்பு அதன் மேல் இன்னும் கடுமையாகத் தெரியும். மிளகாயை அமெரிக்காவிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்து சேர்த்தவர்கள் போர்ச்சுகீசியர்கள். 1498இல் அவர்கள் கள்ளிக்கோட்டைக்குக் கப்பல் ஓட்டியதோ மிளகைத் தேடி. லெய்த்தாவின் விழுதில் இன்றும் மிளகுதான் அரசாள்கிறது. அதனால் மிளகாய் குறைத்து, மிளகு தூக்கலாக வதக்கிய ஆட்டுக்கறி செய்தால் வயதான பாகா அதை மதிக்கும். தேங்காயும் புளியும் சேர்ந்த குழம்பைத் தவிர்த்துவிடுங்கள், புளிக்கு மேல் புளி ஆகிவிடும்.

பாட்டிலைத் தேர்வது எப்படி? 2003க்குப் பிறகு பைராடாவின் சட்டதிட்டம் தளர்ந்து காபர்னே, மெர்லோ, சிரா போன்ற வெளிநாட்டுத் திராட்சைகளுக்கும் கதவு திறந்தது. ஆகவே பைராடா என்று சீட்டில் இருந்தால் மட்டும் அது பாகா ஆகாது. பாகா என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள், அல்லது ‘கிளாசிக்கோ’ என்ற முத்திரையைத் தேடுங்கள். அதற்குச் சிவப்பில் பாதியளவாவது பாகா இருந்தாக வேண்டும். மென்மையாகத் தொடங்க விரும்புகிறவர்களுக்கு டிர்க் நீபோர்ட் வழி காட்டியிருக்கிறார். டோருவில் போர்ட் செய்யும் குடும்பத்துக்காரர், 2012இல் இங்கே கிந்தா த பாய்ஷோ தோட்டத்தை வாங்கினார். அவருடைய பாகாக்கள் நிறத்தில் வெளிறி, சாராயம் குறைந்து, இலேசாக இருக்கும். கோழிக்கும் காளானுக்கும் கூட அவை இசையும். ஆனால் ஷன்ஃபானாவின் முன் அவற்றை நான் நிறுத்த மாட்டேன்.

பழைய பாட்டில் கிடைத்தால் விடாதீர்கள். 1920இல் தொடங்கிய சாவோ ஜோவாவ் நிறுவனத்தின் நிலவறைகளிலிருந்து பல பத்தாண்டு வயதான சிவப்புகள் இன்றும் வெளிவருகின்றன. அதே வயதுள்ள பிரெஞ்சு ஒயின்களின் விலையோடு ஒப்பிட்டால் நம்ப முடியாத மலிவு. புசாக்கோ காட்டுக்கு நடுவில், அரச குடும்பத்துக்காகக் கட்டத் தொடங்கிப் பிறகு ஹோட்டலான அரண்மனை ஒன்று இருக்கிறது. அதன் நிலவறைச் சிவப்பில் பைராடாவின் பாகாவும் பக்கத்து டாவ் வட்டாரத்தின் தூரிகா நாசியோனால் என்ற கறுப்புத் திராட்சையும் கலந்திருக்கும். நெடுங்காலம் அந்த ஹோட்டலில் சாப்பிட உட்கார்ந்தால்தான் அது கிடைக்கும் என்ற நிலை இருந்தது. ஒயினைச் சாப்பாட்டு மேசையோடு கட்டிப்போட்ட அந்த ஏற்பாடு பாகாவுக்கு நியாயமானது என்றே எனக்குப் படுகிறது.

திறக்கும் விதம் பற்றி ஒன்றிரண்டு சொல்லி முடிக்கிறேன். இளம் பாகாவைக் கறி அடுப்பேறும்போதே கண்ணாடிக் கூஜாவில் ஊற்றிக் காற்றாட விடுங்கள். இரண்டு மணி நேரம் அதற்கு அதிகமில்லை. இருபது வருடம் தாண்டியதை முந்தின நாளே நிமிர்த்தி வையுங்கள், மண்டி அடியில் இறங்கட்டும். சாப்பிட உட்காரும்போது மெதுவாக ஊற்றினால் போதும், அதிகம் காற்றுப்பட்டால் பழைய ஒயினின் மணம் கலைந்துவிடும். 16, 17 டிகிரி சரியான குளிர்ச்சி. நம் ஊர் அறை வெப்பத்தில் வைத்தால் சாராயம் மட்டுமே மூக்கில் ஏறும், ஆகவே குளிர்பெட்டியில் அரை மணி நேரம் வைத்து எடுங்கள். அடியில் நின்ற மண்டியைத் துணியில் வடிகட்டி, மிச்சத்தை அடுத்த நாள் ஆட்டுக்கறி வேகும் சட்டியில் ஊற்றிவிடலாம்.